வைஃபையா லைஃபையா: சுவரிடம் கேளுங்கள்

ரேடியோ அலைக்குப் பதிலாக ஒளியில் தரவை அனுப்பும் லைஃபை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'வைஃபையைவிட நூறு மடங்கு வேகம்' என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் கிடைத்த எண்ணை வீட்டு ரவுட்டரின் எண்ணோடு ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். தரநிலைகளை அருகருகே வைத்தால் கதை மாறுகிறது. ஒளிவழி இணையத்துக்காக 2023-இல் ஏற்கப்பட்ட, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 802.11பிபி தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 9.6 கிகாபிட். வைஃபை 6-இன் ஏட்டளவு உச்சமும் அதே 9.6 தான். வைஃபை 7-க்கு அது 46. ஆகவே வேகத்தை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை. சமிக்ஞை சுவரைத் தாண்ட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டுமே மின்காந்த அலைகள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், சுவரைக் கடக்கும்போது வலு குறைந்தாலும் மறுபக்கம் போய்ச் சேரும். 802.11பிபி பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 800 முதல் 1000 நானோமீட்டர். அது சுவரில் பட்டதும் நின்றுவிடும்.

சுவரைத் தாண்டும் வசதிக்கு வைஃபை ஒரு விலை கொடுக்கிறது. உங்கள் ரவுட்டரின் அலை பக்கத்து வீட்டுக்கும் போகிறது, அவர்களுடையது உங்களிடம் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பொதுவாக 1, 6, 11 என மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இயங்குகிறது. ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் முறைவைத்துப் பேச வேண்டியிருப்பதால், அடுக்குமாடிக் கட்டடங்களில் மாலை நேரத்தில் வைஃபை திணறுகிறது. லைஃபையில் ஒவ்வொரு அறையும் தனி உலகம். அடுத்தடுத்த அறைகள் ஒரே ஒளியைப் பயன்படுத்தினாலும் மோதல் இல்லை. வெளியிலிருந்து ஒட்டுக்கேட்பதும் கடினம். ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒளி கசியும் என்பதால், லைஃபைக்கும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) வேண்டும்.

ஒளியில் செய்தி அனுப்பும் எண்ணம் புதிதல்ல. 1880-இலேயே கிரகாம் பெல், குரலால் அதிரும் கண்ணாடியில் சூரிய ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து, சுமார் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பினார். லைஃபை என்ற பெயரைப் பரப்பிய ஹெரால்ட் ஹாஸ் 2011-இல் எடின்பரோ மேடையில் ஒரு மேசை விளக்கின் ஒளி வழியே வீடியோ ஓடவிட்டார். நடுவில் கையை வைத்தார், வீடியோ நின்றது. ஒளியில்தான் தரவு வருகிறது என்று காட்டச் செய்தது அது. எனக்கோ அதன் பலவீனமும் அந்த ஒரு அசைவில் தெரிகிறது: கைபேசியைப் பைக்குள் போட்டால் இணைப்பு போய்விடும்.

சூரிய வெளிச்சத்தில் லைஃபை வேலை செய்யாது என்பது பாதி உண்மை. ஒளியை வாங்கும் ஏற்பி கவனிப்பது அதன் மிக வேகமான ஏற்ற இறக்கத்தைத்தான். சீராக விழும் வெயிலை அது வடிகட்டிவிடும். வெயில் நேராக உணரியின் மேல் அடித்தால்தான் திண்டாட்டம். விளக்கை எப்போதும் எரியவிட வேண்டும் என்பதும் அப்படியே: அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, இருட்டறையிலும் இயங்கும்.

பலரும் பேசாத இடைஞ்சல் கூரையில் இருக்கிறது. பல்புக்கு மின்சாரம் வந்தால் போதாது, தரவும் வந்தாக வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் ஈதர்நெட் கேபிள் இழுக்க வேண்டும், அல்லது மின்கம்பி வழியாகவே தரவை அனுப்ப வேண்டும். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பாஸ்பர் பூச்சு மெதுவாகத்தான் அணைகிறது. வீட்டு பல்பை அப்படியே அதிவேகக் கருவியாக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, பெரும்பாலான கைபேசிகளில் லைஃபை ஏற்பியே கிடையாது. தனிக் கருவியைச் செருகித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு, நடமாடிக்கொண்டே பயன்படுத்துவோருக்கு, வைஃபைதான். இதில் எனக்குத் தயக்கமில்லை. எம்.ஆர்.ஐ. அறை போல ரேடியோ அலை இடையூறாகும் இடங்களிலும், தரவு அறையைவிட்டு வெளியேறவே கூடாத கூடங்களிலும் லைஃபைதான் என் தேர்வு. கடல்நீர் ரேடியோ அலையைச் சில அடிகளுக்குள் விழுங்கிவிடும், நீல-பச்சை ஒளி அதைவிட வெகுதூரம் போகும். அங்கே போட்டியே இல்லை. புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் இப்போதே கூரைவரை ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடலாம். இன்று அதில் வைஃபை கருவியை மாட்டலாம், தேவைப்படும் நாளில் அதே கேபிளில் லைஃபை விளக்கையும்.