இஸ்தான்புல்லில் தனியாக: சுல்தானஹ்மெத்தில் தங்கலாமா, காடிகோய்ப் பக்கம் தங்கலாமா?

இஸ்தான்புல்லுக்குத் தனியாகக் கிளம்புகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் ஆலோசனை, "சுல்தானஹ்மெத்துல ரூம் போடு, எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்பதே. தப்பான ஆலோசனை இல்லை. குடும்பத்தோடு இரண்டே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஓட வேண்டியவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். தனியாகப் போகிறவருக்கு மட்டும் கணக்கு வேறு. சுல்தானஹ்மெத் ஐரோப்பியக் கரையில் இருக்கும் பழைய நகரம். நான் எதிரே ஆசியக் கரையில், காடிகோய் என்ற பேட்டையில் தங்கினேன். மறுபடி போனாலும் அங்கேதான் தங்குவேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுல்தானஹ்மெத்தின் பலம் ஊரறிந்தது, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். 537-இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த ஹாகியா சோபியா, எதிரே ஆறு மினார்களோடு நீல மசூதி, பக்கத்தில் பைசாந்தியர்கள் தேர்ப்பந்தயம் நடத்திய திடல், அதில் எகிப்திலிருந்து கொண்டுவந்து நட்ட, மன்னன் மூன்றாம் துத்மோஸின் ஒற்றைக் கல்தூண், கொஞ்சம் நடந்தால் 336 தூண்களோடு நிலத்தடி நீர்த்தொட்டி, அதையும் தாண்டினால் தோப்காபி அரண்மனை. இவ்வளவும் ஒரே பேட்டைக்குள். அறையும் அங்கேயே இருந்தால் சுற்றுலாப் பேருந்துகள் வந்து ஆட்களை இறக்குவதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடலாம், மதியம் கால் கடுத்தால் போய் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வரலாம். தனியாகப் போகிறவருக்குப் பையைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது என்பதால் இந்த மதிய ஓய்வு சின்ன விஷயமில்லை. காடிகோயில் எனக்கு அது கிடைக்கவே இல்லை. காலையில் கிளம்பினால் மாலைதான்.

எங்கே தங்கினாலும் தெரிந்திருக்க வேண்டியவை சில: தோப்காபிக்குச் செவ்வாய் விடுமுறை, பெரிய பஜாருக்கு ஞாயிறு விடுமுறை, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடியும்வரை மசூதிகளுக்குள் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஹாகியா சோபியா 2020-இல் மறுபடி மசூதியானது. 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், மேல்மாடம் மட்டும், கட்டணம் 25 யூரோ. கீழ்த்தளம் தொழுகைக்கு. மேலேதான் பழைய மொசைக் படங்கள் பல இருக்கின்றன என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு, தக்சிம், கலாத்தா பக்கம் தங்கச் சொல்பவர்கள். இரவு வாழ்க்கைக்காகவே போகிறவர்களுக்கு அது சரி. எனக்கு இஸ்திக்லால் தெருவின் கூட்டத்தில் ஒரு மாலை நடந்ததே போதும் போதும் என்றாகிவிட்டது. கலாத்தாவின் செங்குத்தான சந்துகளில் பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறுவதை நினைத்தாலே மூட்டு வலிக்கிறது. விடுங்கள்.

காடிகோய் என்றதும் எல்லோரும் தூக்கிப்போடும் கேள்வி தூரம். கண்டம் விட்டுக் கண்டம் தினமும் போய் வருவதா என்பார்கள். கேட்கத்தான் அப்படி இருக்கிறது. காடிகோய் துறையிலிருந்து ஐரோப்பியக் கரையின் துறைகளான எமினோனுவுக்கோ கராக்கோய்க்கோ படகில் இருபது இருபத்தைந்து நிமிடம். எமினோனுவில் இறங்கினால் டி1 டிராமில் மூன்றாவது நிறுத்தம் சுல்தானஹ்மெத். படகு வேண்டாம் என்றால் எம்4 மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம் போய் மர்மராய் ரயிலுக்கு மாறலாம். 2013-இல் கடலுக்கடியில் திறந்த பாதை அது, இரண்டாவது நிறுத்தமே சுல்தானஹ்மெத்துக்குப் பக்கத்திலுள்ள சிர்கெஜி. எல்லாவற்றுக்கும் ஒரே இஸ்தான்புல் கார்டு. மர்மராயில் மட்டும் ஒரு சூட்சுமம். நுழையும்போது முழு தூரத்துக்கான பணத்தையும் பிடித்துக்கொள்வார்கள், இறங்கிய நிலையத்தில் 'இயாதே' என்று எழுதிய எந்திரத்தில் கார்டை வைத்தால்தான் மீதி திரும்ப வரும். முன்னால் போகிறவர் அதில் வைப்பதைப் பார்த்து நீங்களும் வைத்துவிடுங்கள்.

சரி, நேரம் போகட்டும், அந்தப் படகுப் பயணத்தையே நான் ஒரு செலவாக எழுதமாட்டேன். காலையில் காடிகோயிலிருந்து கிளம்பினால் வலப்பக்கம் ஹைதர்பாஷா ரயில் நிலையம் கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஜெர்மன் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது, பாக்தாத் வரை போக வேண்டிய ரயில்பாதைக்கு அதுதான் தொடக்கம். அப்புறம் நீளமான அலைதடுப்புச் சுவர், அதன்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். தேநீர்த் தட்டோடு ஒருவர் இருக்கை இருக்கையாக வருவார், இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை, பக்கத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டி. பக்கத்து இருக்கைக்காரர் எள் ஒட்டிய சிமித் ரொட்டி வளையத்தைப் பிய்த்துப் பாதியைத் தான் தின்று, பாதியைக் கடற்பறவைகளுக்கு வீசுவார். எதிரே, கிழக்கு வெயில் முகத்தில் விழ, தோப்காபியும் ஹாகியா சோபியாவும் நீல மசூதியும் ஒரே வரிசையில். சுல்தானஹ்மெத்தில் தங்குகிறவர் இந்தக் காட்சிக்காகவே காசு கொடுத்து உலாப் படகில் ஏறுகிறார், எனக்கு அது தினசரிப் பேருந்து.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. காடிகோயின் பண்டைய பெயர் கால்கெதான். எதிர்க்கரையில் பைசாந்தியம் (இஸ்தான்புல்லின் பழைய ஊர்) உருவாவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே இங்கே கிரேக்கர்கள் குடியேறிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட பாரசீகத் தளபதி மெகாபாசுஸ், அவ்வளவு நல்ல இடம் எதிரே இருக்க இங்கே வந்து உட்கார்ந்தவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றானாம், ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். துறைமுகம் தேடும் தளபதிக்கு அது சரிதான். பார்க்கப் போகிறவருக்கு அழகான கரைக்கு எதிர்க்கரைதான் இடம். சூரியன் அந்த மினார்களுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்க, கிழக்குக் கரையில் இருந்தால்தான் முடியும்.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன்: மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது?

தனிப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பு, செலவு, மொழி என்று எல்லாம் பேசுவார்கள், இதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள். பகலில் தனிமை ஒரு தொந்தரவே இல்லை, சொல்லப்போனால் சொகுசு, ஒரு மொசைக் படத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் "போலாமா?" என்று கேட்க ஆள் இல்லை. அரண்மனையையும் அருங்காட்சியகங்களையும் சாத்திவிட்டு ஆட்களை வெளியே அனுப்பும் நேரத்தில்தான் ஆட்டம் மாறுகிறது. கூட ஆள் இருந்தால் மாலை தானாக நிரம்பிவிடும். தனி ஆளுக்கு ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை நான்கு மணி நேரம் முழுசாகக் கையில் நிற்கும், அது ஒருநாள் இருநாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அந்த நேரத்தில் நீங்கள் தங்கியிருக்கும் பேட்டை உங்களுக்கு என்ன தருகிறது என்பதுதான் கேள்வி.

சுல்தானஹ்மெத்தில் இருட்டியதும் பேருந்துகள் போய்விடும், திடல் காலியாகும், விளக்கொளியில் இரண்டு கட்டடங்களும் அற்புதமாக இருக்கும். நீர்த்தொட்டிக்கு இரவுக் காட்சியும் உண்டு, பகலைவிடக் கட்டணம் கூடுதல். ஒரு மாலைக்கு இது தாராளமாகப் போதும். இரண்டாம் மாலையிலிருந்துதான் சிக்கல். சுற்றிலும் இருப்பவை ஓட்டல்களும் கம்பளக் கடைகளும் பயணிகளுக்கான உணவகங்களும், வாசலில் மெனு அட்டையோடு நிற்பவர் "எந்த ஊர்?" என்று ஆரம்பிப்பார். உள்ளே எல்லா மேசையிலும் ஜோடி ஜோடியாக வெளியூர்க்காரர்கள், நடுவில் நீங்கள் ஒற்றையாக.

காடிகோயில் அதே நேரத்தில் ஊர் வேலை முடிந்து வீடு திரும்புகிறது. படகு படகாக ஆட்கள் இறங்கி சந்தைத் தெருவுக்குள் நுழைவார்கள், அவர்களோடு நீங்களும் நடந்தால் போதும். மீன்கடைகளில் சிவப்பு வட்டத் தட்டுகளில் மீனை அடுக்கி, செவுளை வெளியே திருப்பி, பூ வைத்த மாதிரி சிவப்பாகக் காட்டியிருப்பார்கள், மீன் புதிது என்பதற்கு அத்தாட்சி. ஊறுகாய்க் கடையில் கண்ணாடிச் சாடிகளில் முட்டைக்கோஸும் வெள்ளரியும் ஏன் பிஞ்சு முலாம்பழமும்கூட மிதக்கும், அந்த ஊறுகாய்த் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி நின்றபடியே குடிப்பார்கள். மூலையில் மட்டிக்காரர் ஒவ்வொரு ஓடாகத் திறந்து, உள்ளே அடைத்த மசாலாச் சோற்றின்மேல் எலுமிச்சை பிழிந்து நீட்டிக்கொண்டே இருப்பார், நீங்கள் போதும் என்று சொன்னபிறகு ஓடுகளை எண்ணிக் காசு. இதெல்லாம் தனியாக நின்று சாப்பிடும் சாப்பாடுகள், மேசையும் வேண்டாம், துணையும் வேண்டாம்.

உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் 'எஸ்னாஃப் லொகந்தாசி' எனப்படும் உழைப்பாளிகளின் சாப்பாட்டுக் கடைகள். கண்ணாடிக்குப் பின்னால் சூடான தட்டுகளில் கத்தரிக்காய், கொண்டைக்கடலை, சோறு எல்லாம் தயாராக இருக்கும், விரலைக் காட்டினால் போதும். 'அஸ்' என்றால் கொஞ்சமாக வைப்பார்கள், ஒரு ஆளே மூன்று வகை ருசி பார்க்கலாம். மரக்கறிக்காரர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது, பருப்பு சூப் கிடைக்காத கடையே இல்லை, ஆனால் சோற்றிலும் பீன்ஸிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தனி ஆளுக்கு ஒரே எரிச்சல் மேசை நிறையப் பரப்பி வைக்கும் அந்தப் புகழ்பெற்ற துருக்கியக் காலையுணவுதான். இருபது கிண்ணம் வரும், பல இடங்களில் குறைந்தது இரண்டு பேருக்கு என்று சொல்லிவிடுவார்கள். காடிகோயின் கடலோரப் பகுதியான மோதா பக்கத்துக் காபிக் கடைகளில் ஒருவருக்கான காலையுணவுத் தட்டு கேட்டால் கிடைக்கிறது.

சாப்பிட்டுவிட்டு மோதா கடற்கரைக்கு நடந்துவிடுவேன். பெசன்ட் நகர் மாலை மாதிரிதான், மணலுக்குப் பதில் பாறையும் புல்வெளியும். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு மாணவர்கள், தாத்தா பாட்டிகள், நாய்கள், எண்ண முடியாத பூனைகள். (பூனைக்குச் சிலையே வைத்த பேட்டை இது. தொம்பிலி என்ற குண்டுப் பூனை படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்த கோலத்தில், 2016-இல்.) தனியாக உட்கார்ந்திருப்பவர்களும் அங்கே நிறைய. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுல்தானஹ்மெத்தில் ஒற்றை ஆள் என்றால் வாடிக்கையாளர், இங்கே வெறும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அந்த வித்தியாசம் பர்ஸையும் காப்பாற்றும். தனியாக நடப்பவரைக் குறிவைக்கும் வித்தைகள் பழைய நகரத்திலும் தக்சிமிலும்தான் அதிகம். பாலிஷ் போடுபவர் உங்கள் முன்னால் பிரஷ்ஷைத் தவறவிட்டுப் போவார், எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாக ஷூவுக்கு மெருகேற்றிவிட்டுக் காசு கேட்பார். நட்பாகப் பேசிப் பாருக்குக் கூட்டிப்போய் மலைக்கவைக்கும் பில்லை நீட்டும் கதை ஆண்களுக்கு நடப்பது. எனக்கு வந்தவை தேநீர் அழைப்புகள்தான், ஒவ்வொன்றும் கம்பளக் கடையில் போய் முடிந்தது. இஸ்தான்புல்காரர்கள் எல்லோரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், பயணிகள் கூடும் இடத்தின் குணம் அது.

இரவு பத்து மணிக்கு மேலும் காடிகோயில் தனியாக நடந்திருக்கிறேன், ஒரு பெண்ணாக எனக்குப் பயம் வரவில்லை. ஆனால் நான் நடந்தது ஆள் நடமாட்டமுள்ள சந்தைத் தெருக்களிலும் மோதாவிலும், அதுவும் நீண்ட பகலுள்ள மாதத்தில். குளிர்கால மழையில், கடற்கரை காலியாகக் கிடக்கும்போது இந்த மாலைகள் இதே அளவு இனிக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. விடுதியில் பங்கு அறை எடுத்தும் நான் தங்கியதில்லை. அதில் கிடைக்கும் பேச்சுத்துணைக்காகவே சுல்தானஹ்மெத்தை விரும்புகிறவர்கள் உண்டு, அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

காடிகோயின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பார் தெருவுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் தூக்கம் போயிற்று, மோதா பக்கம் தள்ளி எடுங்கள். ஃபெனர்பாஹ்சே அணியின் மைதானம் பக்கத்திலேயே இருப்பதால் ஆட்ட நாளன்று தெருவே மஞ்சளும் நீலமுமாகக் கத்தும். ஆங்கிலம் அந்தக் கரையைவிடக் குறைவு. 'லோதோஸ்' என்ற தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு மர்மராய்தான் கதி. எதிர்க்கரையில் இரவு உணவு என்றால் கடைசிப் படகு நேரத்தைத் துறையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக விமானம். சபிஹா கோக்சென் விமான நிலையத்தில் இறங்கினால் யோசிக்கவே வேண்டாம், 2022 முதல் எம்4 மெட்ரோ அங்கிருந்து நேராகக் காடிகோய் வந்துவிடுகிறது. ஐரோப்பியக் கரையில் உள்ள பெரிய விமான நிலையத்தில் இரவு நேரத்தில் இறங்குகிறீர்கள், பார்ப்பதற்கும் மொத்தமே இரண்டு நாள்தான் என்றால் சுல்தானஹ்மெத்திலேயே தங்கிவிடுங்கள். நாள் கூடுதலாக இருந்தால் முதல் இரவை அங்கே கழித்து, ஹாகியா சோபியாவையும் தோப்காபியையும் காலையிலேயே முடித்துவிட்டு, மறுநாள் டிராமில் எமினோனு வந்து பெட்டியோடு படகேறலாம். மாலை அலுவலகம் விடும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அப்போது நிற்கவே இடம் இருக்காது, பெட்டியை எங்கே வைப்பது.