கட்டிப் பால் பவுடரும் பாப்பாவும்: ஜப்பானில் பதினொரு நாள்

சிங்கப்பூரில் விமானம் மாறி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். மூன்று பெட்டிகளில் ஒன்று வரவில்லை. பாப்பாவின் இரண்டு டின் பால் பவுடரும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. கைப்பையில் மூன்று வேளைக்கு அளந்து வைத்திருந்தது மட்டும் மிச்சம். பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். மனைவிக்குக் கியோட்டோவில் கருத்தரங்கு. பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் கூடப் போயிருந்தேன். ஆக, பால் தேடுவது முழுக்க என் பொறுப்பு. பெட்டி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்குள் எனக்கு அது தேவைப்படாமல் போய்விட்டது. காரணம் மெய்ஜி நிறுவனத்தின் ‘ஹோஹோஎமி ராகு ராகு கியூப்’ என்ற கட்டிப் பால் பவுடர். கைக்குழந்தையோடு ஜப்பான் போகிறவர்களுக்காக அதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

தாய்ப்பால் போதுமான அளவு கொடுக்க முடிகிறவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே கூடாது என்று நம் நாட்டில் 1992இலேயே சட்டம் வந்தது, அது நல்ல சட்டம். எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதத்திலிருந்து பாதி தாய்ப்பால், பாதி புட்டிப்பால். அப்படி இருப்பவர்களுக்குத்தான் இது.

முதல் நாள் சாயங்காலம் தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் இருந்த மூன்று கன்வீனியன்ஸ் கடைகளில் தேடினேன். டயப்பர் இருந்தது, பால் பவுடர் இல்லை. பால் பவுடருக்குப் போக வேண்டிய இடம் மருந்துக்கடை. அங்கே மருந்துக்கடை என்றால் சோப்பு, பிஸ்கட், ஷாம்பு எல்லாம் விற்கிற பெரிய கடை. குழந்தைப் பொருளுக்குத் தனி அலமாரியே இருக்கும். அதன் முன் நின்றபோது தலை சுற்றியது. மெய்ஜி, மொரினாகா, வகோடோ, கிளிக்கோ என்று வரிசையாக டின்கள், எல்லாம் ஜப்பானிய எழுத்தில். நம்மூரில் ஆறு மாதம் முடிந்தால் இரண்டாம் ஸ்டேஜ் டின் வாங்குவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் ‘ஃபாலோ அப்’ என்று மொழிபெயர்ப்புச் செயலி காட்டிய டின்னை எடுத்துவிட்டேன். செல்போனில் ‘ஏழு மாதக் குழந்தை’ என்று எழுதிக் காட்டியதும், கடைக்காரப் பெண்மணி அதை என் கையிலிருந்து வாங்கி, டின்னில் இருந்த 9 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார். அங்கே முதல் டின்னே பிறந்ததிலிருந்து ஒரு வயது வரைக்கும். ஃபாலோ அப் என்பது ஒன்பது மாதத்துக்கு மேல், சில பிராண்டில் ஒரு வயதுக்கு மேல். தாய்ப்பாலுக்கு மாற்றாகச் செய்யப்பட்டதும் அல்ல. எட்டு மாதக் குழந்தையோடு போனாலும் பூஜ்யம் என்று போட்ட டின்னைத்தான் எடுக்க வேண்டும்.

சரியான டின் கிடைத்தும் அன்றிரவு நான் தப்பு செய்தேன். ஊரில் 180 மில்லி தண்ணீருக்கு ஆறு கரண்டி போட்டுப் பழகிய கை, இங்கேயும் ஆறு போட்டது. பாப்பா ஒரே மூச்சில் குடித்தாள். ஒன்றரை மணி நேரத்தில் பசித்து அழுதாள். மறுபடி அதே ஆறு கரண்டி, மறுபடி அழுகை. ராத்திரி இரண்டு மணிக்கு மனைவிதான் டின்னின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வரி வரியாகப் படித்தாள். ஜப்பானியக் கரண்டி சின்னது. ஒரு கரண்டிக்கு 20 மில்லி பால். அதுவும் ஊற்றுகிற தண்ணீரின் அளவு அல்ல, கலந்து முடித்த பாலின் அளவு. 200 மில்லிக்குப் பத்துக் கரண்டி போட வேண்டியிருந்தது. குழந்தைக்கு இரண்டு வேளை தண்ணீர்ப் பால் கொடுத்திருக்கிறேன் என்று புரிந்ததும் மனசு கனத்துப் போனது. வெளிநாட்டில் எந்த டின் வாங்கினாலும் முதலில் கரண்டிக் கணக்கைப் பாருங்கள். நம்மூர்க் கரண்டியை அந்த டின்னுக்கும், அந்தக் கரண்டியை நம்மூர் டின்னுக்கும் மாற்றிப் போடவே போடாதீர்கள்.

மறுநாள் காலை அதே கடைக்குப் போய்க் கியூப் வாங்கினேன். பவுடரை அழுத்திச் சின்னச் செங்கல் மாதிரி கட்டியாக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டிக்கு 40 மில்லி பால். ஒரு பையில் ஐந்து கட்டி, மொத்தம் 27 கிராம், சரியாக 200 மில்லி. கரண்டியும் இல்லை, எத்தனை போட்டோம் என்று பாதியில் மறப்பதும் இல்லை. மடியில் அழும் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாலு கட்டியைப் புட்டிக்குள் தள்ளிவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். டின்னோடு ஒப்பிட்டால் கிராமுக்கு விலை கூடுதல்தான். ஆனால் 800 கிராம் டின்னைப் பயணத்தில் தூக்கிச் சுமந்து பாதியை விட்டுவிட்டு வருவதை யோசித்தால், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

கலக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று நான் ஊரில் பழகியிருந்தேன், அதனால் முதலில் தயங்கினேன். பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல; அதில் அரிதாக இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்ற கிருமியைக் கொல்லத்தான் அந்தச் சூடு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. கெட்டிலில் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள் எடுத்து, புட்டியில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, மூடிச் சுழற்றிக் குலுக்கினால் கட்டி முழுக்கக் கரைந்துவிடும். அப்புறம் கொதித்து ஆறிய தண்ணீரால், ஐந்து கட்டி என்றால் 200 வரை, நாலு என்றால் 160 வரை நிரப்ப வேண்டும். நுரைக்குக் கீழே இருக்கும் கோட்டைப் பாருங்கள், நுரையின் மேல்மட்டத்தை அல்ல. பிறகு குழாய்த் தண்ணீரில் புட்டியைக் காட்டி ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். ஒருமுறை ஃபிளாஸ்கில் ஆறிப்போன தண்ணீரில் அவசரமாகக் கலக்கினேன், அடியில் திப்பி திப்பியாக நின்று நிப்பிளை அடைத்துக்கொண்டது. கட்டிக்குச் சூடு கட்டாயம் வேண்டும்.

குறை என்றால், 40, 80, 120 என்றுதான் போக முடியும். 100 மில்லி குடிக்கிற குழந்தைக்குச் சரிவராது. அப்படிப்பட்டவர்களுக்கு மொரினாகாவின் ‘ஹகுகுமி’ ஸ்டிக் பொருத்தம். ஒரு ஸ்டிக் 13 கிராம், 100 மில்லிக்கு. பாப்பா 160 குடிக்கும் வேளையில் ஒரு கட்டி மிஞ்சும். பையை மடித்துக் கிளிப் போட்டு அடுத்த வேளைக்கே தீர்த்துவிடுவேன்.

பால் மாறியதில் இரண்டு நாள் மலம் கொஞ்சம் பச்சையாகப் போனது. ஊரில் எங்கள் குழந்தை மருத்துவரிடம் போனில் கேட்டோம். காய்ச்சல், வாந்தி இல்லையென்றால் பயப்பட வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அம்மா மட்டும் தினமும், “ராகிக் கூழ் கொடுத்துப் பாருடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹிரோஷிமா போன நாளில் ஷின்கான்சென் ரயிலில் சுடுதண்ணீர் கிடையாது. அன்றைக்குக் கைகொடுத்தது கிளிக்கோவின் ‘ஐக்ரியோ’ திரவப் பால். 125 மில்லி காகித டப்பா, உள்ளே கலந்து தயாரான பால். ஸ்ட்ராவால் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஜப்பானில் இப்படிப்பட்ட பாலுக்கு 2018இல்தான் விதிமுறை வந்தது, 2019 மார்ச்சில் இது கடைக்கு வந்தது. ஒன்று 200 யென்னுக்குச் சற்று மேல். தினமும் வாங்கினால் கட்டுப்படியாகாது, ரயில் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் உடனே கொடுக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அந்த ரயிலில் 11ஆம் பெட்டியில் ஒரு சிறிய அறை இருக்கிறது. நடத்துநரிடம் கேட்டால், காலியாக இருந்தால் பாலூட்டத் திறந்துவிடுவார். பாப்பா அங்கேதான் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

ஊரில் வைத்திருக்கும் மின்சார ஸ்டெரிலைசரை எடுத்துப் போகாதீர்கள். அங்கே 100 வோல்ட். 230 வோல்ட்டுக்குச் செய்த கருவி ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடக் கொடுக்காது. நான் அதே மருந்துக்கடையில் புட்டிகளைக் கிருமி நீக்கும் மில்டன் மாத்திரை வாங்கி, விடுதி அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரில் கரைத்து, புட்டிகளை ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீருக்கும் கவலை வேண்டாம். கியோட்டோ குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுத்தேன். தாது அதிகமுள்ள கடின மினரல் வாட்டர் பாட்டிலை மட்டும் பாலுக்கு எடுக்காதீர்கள்.

ஊர் சுற்றும்போது பெரிய டிபார்ட்மென்ட் கடைகளின் குழந்தை அறைகள்தான் எனக்கு அடைக்கலம். பால் கலக்கவென்றே சுடுதண்ணீர்க் குழாய், கழுவும் தொட்டி, டயப்பர் மாற்ற மேசை எல்லாம் இருக்கும், காசு கிடையாது. முதல் தடவை கதவருகே தயங்கி நின்றேன், உள்ளே பெண்கள் இருப்பார்களே என்று. பணியாளர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, திரை போட்ட பகுதி தாய்மார்களுக்கு, இந்தப் பக்கம் அப்பாக்களும் உட்காரலாம் என்று கையாலேயே விளக்கினார். உள்ளே ஏற்கெனவே ஓர் அப்பா தன் மகனுக்குப் புட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்து, குழந்தைக்கு ஏப்பம் எடுக்கத் தோதாகத் தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

திரும்பும்போது கியூபில் மூன்று பை மிச்சம் இருந்தது. இந்த முறை அவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாங்கி விமான நிலையத்தின் குழந்தை அறையில் சுடுதண்ணீர் பிடித்து ஒன்று, சென்னை வந்திறங்கிய அதிகாலையில் வீட்டுக் கெட்டிலில் இன்னொன்று. மூன்றாவதை, அடுத்த வாரம் மதுரைக்குப் போன ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் பிரித்தோம்.