தட்டிக்கேட்பவருக்கும் சட்டம் துணை: ஒரு பயிற்சி முகாம் குறித்த மதிப்பீடு

தீண்டாமையை நேரில் கண்டு தட்டிக்கேட்பவர்களுக்காக மதுரையில் வழக்கறிஞர்கள் சிலர் கட்டணமின்றி நடத்திய ஒருநாள் சட்டப் பயிற்சி முகாமில் கலந்துகொண்டேன். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைப் பேசும் கூட்டங்கள் பல உண்டு. அவருக்காகக் குரல் கொடுத்ததால் சொந்த ஊரிலேயே ஒதுக்கப்படுகிறவரைப் பற்றி நாள் முழுவதும் பேசியதே இம்முகாமின் சிறப்பு.

காலை அமர்வில் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7(2) பிரிவை வரி வரியாகப் படித்து விளக்கினார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தார் என்பதற்காக ஒருவரை அவருடைய சமூகத்தாரே விலக்கிவைத்தால், அதில் பங்கேற்றவர்களுக்கு 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. டீக்கடையில் தனிக் குவளை வைத்ததைக் கண்டித்தவரிடம் தலைக்கட்டு வரி (ஊர்ப் பொதுச் செலவுக்குக் குடும்பந்தோறும் வசூலிக்கும் பங்கு) வாங்க மறுப்பதையும், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு போடுவதையும் எடுத்துக்காட்டாகச் சொன்னபோது, அரங்கில் பலர் தம் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக இருக்கும் இப்பிரிவை எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நான் பார்த்ததில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவின்படி, சாட்சிகளை மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்பதையும், அவர்களின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் சாலை விபத்தில் உதவுபவரை வழக்குகளிலிருந்து காக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ இருப்பதுபோல, பாகுபாட்டின்போது குறுக்கே நின்று பேசுபவருக்கென்று நேரடியான பிரிவு இல்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. அடிக்க வருபவரிடமிருந்து பிறரைக் காக்கும் உரிமைக்குக் கையேட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 97ஆம் பிரிவே அச்சாகியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் பழைய எண்ணைச் சொல்லி ஒருவர் தடுமாற நேரிடும் என்பதால் உடனே திருத்த வேண்டும். கைப்பேசியில் எடுத்த காணொளியை எப்படிச் சான்றாக ஒப்படைப்பது என்ற மிக முக்கியமான பகுதியையும் மாலையில் அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள்.

ஆசிரியர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டிய முகாம் இது. அடுத்த முறை இதை ஊராட்சி ஒன்றியத் தலைநகரங்களில், ஞாயிற்றுக்கிழமையில் நடத்தினால், கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வர முடியாதவர்களும் வந்து கேட்பார்கள்.