ஹட்சன் தெரியும் வீடு: இக்கரை கோ-ஆப்பா, அக்கரை காண்டோவா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹட்சன் ஆறு தெரிகிற இரண்டு வீடுகள் எங்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தன. ஒன்று நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வடகோடியில், ஹட்சன் ஹைட்ஸ் பகுதியில், பழைய செங்கல் கட்டடத்தின் எட்டாவது மாடி. அது கோ-ஆப். மற்றொன்று அக்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் உள்ள கண்ணாடிக் கோபுரம் ஒன்றில் காண்டோ. நாங்கள் கோ-ஆப்பை எடுத்தோம். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சேலத்திலிருந்து மாமனார் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "பத்திரம் யார் பெயரில், மாப்பிள்ளை?" என்பதுதான். பத்திரமே கிடையாது என்றேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. கோ-ஆப்பில் வீட்டை யாரும் விற்பதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம்; நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. பங்கோடு சேர்ந்து குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் நீண்ட காலக் குத்தகை உரிமை வருகிறது. சென்னையில் யுடிஎஸ், அதாவது நிலத்தில் நம் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். காண்டோவில் அந்தக் கலக்கம் இல்லை: வீடு நம் பெயரில், வரி ரசீது நம் பெயரில்.

விலையில் கோ-ஆப் மலிவு. எங்களுக்கு 5.9 லட்சம் டாலர். அக்கரையில் ஓர் அறை குறைவான காண்டோவுக்கு 8.1 லட்சம் கேட்டார்கள். மாதச் செலவில் வித்தியாசம் வேறு மாதிரி. காண்டோவில் பொதுக் கட்டணமும் சொத்து வரியும் தனித்தனியாகச் சேர்ந்து 1,800 டாலரைத் தொட்டன. கோ-ஆப்பில் வரி, வெந்நீர், குளிர்கால வெப்பம் எல்லாம் அடங்கிய பராமரிப்புக் கட்டணம் 1,340. மிச்சம் என்று துள்ள வேண்டாம். நியூயார்க் நகரத்துக்குள் குடியிருப்பவர் நகர வருமான வரி கட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் குடியிருந்து இங்கே வேலைக்கு வருபவருக்கு அது இல்லை. எங்கள் இருவர் சம்பளத்துக்கு அந்த வரி, மாத மிச்சத்தை முழுவதும் விழுங்கிவிட்டு மேலும் கொஞ்சம் கேட்கிறது.

காட்சியைப் பொறுத்தவரை, ஜெர்சி சிட்டியிலிருந்து தெரிவது ஊர். எங்கள் வீட்டிலிருந்து தெரிவது ஆறு. அக்கரையில் பாலிசேட்ஸ் பாறைச் சுவர் அப்படியே நிற்கிறது. இந்தக் கரையில் ஃபோர்ட் டிரையன் பூங்காவை நகரத்துக்குக் கொடுத்த ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர், எதிர்க்கரையின் காட்சி கெடாமல் இருக்க அங்கேயும் நிலம் வாங்கிக் கொடுத்தார். அவர் பணத்தில் நாங்கள் மாலை காப்பி குடிக்கிறோம். ஹட்சன் இங்கே கடலோடு மூச்சு விடும் ஆறு. ஜனவரியில் பனிக்கட்டிப் பாளங்கள் காலையில் தெற்கே போகும். கடல் ஓதம் ஏறி நீர் உள்ளே தள்ளும்போது அதே பாளங்கள் வடக்கே திரும்பி வரும். முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டு அலுவலகக் கூட்டத்துக்கு இரண்டு முறை தாமதமாகப் போனேன். குறையும் உண்டு: மேற்கு வெயில் ஜூலையில் வறுத்தெடுக்கும், கீழே நெடுஞ்சாலை இரைச்சல் இரவெல்லாம் ஓயாது.

இன்னொன்று, உயரம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது அக்கரையில் ஹோபோக்கனும் ஜெர்சி சிட்டியின் கரையோரமும் வெள்ளத்தில் மூழ்கின. மன்ஹாட்டனின் மிக உயரமான இயற்கை மேடு, 265 அடி, எங்கள் பகுதியில்தான் இருக்கிறது.

ஆனால் கோ-ஆப் வாங்குகிறவர் சன்னலைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் ஆசைப்பட்டது இதே வட்டாரத்தில் வேறொரு கோ-ஆப். பராமரிப்பு 940 டாலர்தான், காட்சியும் இதைவிட ஒரு படி மேல். எங்கள் வக்கீல் தணிக்கை அறிக்கையைப் புரட்டிவிட்டு ஒரே வரியில் விரலை வைத்தார். கட்டடத்தின் மேலேயே 60 லட்சம் டாலர் கடன். அடுத்த வருடம் முடிகிறது. அசல் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதாவது புதிய வட்டிக்கு மறுபடி வாங்கியாக வேண்டும். 3.25 சதவீதம் 6.25 ஆனால் வருடத்துக்குக் கூடுதல் 1,80,000 டாலர். 80 வீடுகள். சராசரியாக வீட்டுக்கு மாதம் 190 டாலருக்குச் சற்றே குறைவு. சேமிப்பு நிதியோ ஒரு கொதிகலன் வெடித்தால் தீர்ந்துபோகும் அளவு. காண்டோ வாங்குபவருக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அவரவர் கடன் அவரவரோடு.

அதே வக்கீல், நாங்கள் வாங்கிய கட்டடத்தின் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளையும் மேலாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தார். பென்சிலில் எழுதி வந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். "மேற்குச் சுவர்" என்ற சொல் பதினொரு இடங்களில். ஆற்றைப் பார்க்கிற சுவர்தான் காற்றையும் மழையையும் முதலில் வாங்குகிறது. நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். 1979இல் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்த கல் கல்லூரி மாணவி ஒருவரைக் கொன்றதால் பிறந்த சட்டம் அது. சோதனையில் விரிசல் தெரிந்தால் வேலை. வேலை என்றால் மாதக் கட்டணத்துக்கு மேல், அவரவர் பங்குக் கணக்கில் சிறப்பு வசூல். மாடியும் காட்சியும் கூடினால் பங்கும் கூடும் என்பதால், ஆறு தெரிகிறவருக்கே பில்லும் பெரிது.

இந்த வட்டாரத்துக்காரர்கள் மறக்காத உதாரணம் காஸில் வில்லேஜ். 2005 மே 12 அன்று அந்தக் கோ-ஆப்பின் பழைய தாங்குசுவர், சுமார் 75 அடி உயரம், சரிந்து ஹென்றி ஹட்சன் நெடுஞ்சாலையில் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. திரும்பக் கட்ட 2 கோடி டாலருக்கு மேல் ஆனது. மலைமேல் ஆற்றைப் பார்த்து வீடு வாங்குகிறவர் அந்த மலையைத் தாங்கும் சுவரிலும் பங்குதாரர்.

அக்கரைக்காரர்களும் சிரிக்க வேண்டாம். புளோரிடாவில் 2021இல் சர்ஃப்சைட் காண்டோ இடிந்து 98 பேர் இறந்த பிறகு, நியூ ஜெர்சி 2024இல் கட்டட உறுதிச் சோதனையையும் சேமிப்பு நிதியையும் கட்டாயமாக்கியது. அந்தச் செலவும் மாதக் கட்டணத்தில்தான் ஏறும்.

கோ-ஆப் வாங்க அதன் நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்; அதற்கான நேர்காணலைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். பயம் நியாயம்தான், காரணம் சொல்லாமலே மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எங்களை அடித்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஆறு பேர் கேள்வி கேட்டார்கள். மூன்று வருட வருமான வரிக் கணக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. நண்பர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் மகள் மிருதங்கம் கற்பதைப் பெருமையாகக் குறிப்பிட்டுவிட்டார். இருபது நிமிடம் அதிலேயே போனது. தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும், இரவு எட்டுக்கு மேல் வாசிப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தோம். காண்டோவில் இந்தச் சடங்கு கிடையாது.

மறுவிற்பனையில் எனக்கு அனுபவம் இல்லை, இன்னும் விற்கவில்லை. விதிகள் மட்டும் கையில் இருக்கின்றன: எங்கள் கட்டடத்தில் விற்கும்போது விலையில் 2 சதவீதம் கோ-ஆப் கம்பெனிக்கு, ஐந்து வருடத்தில் இரண்டு வருடம்தான் உள்வாடகைக்கு விடலாம். வேலை ஊர் ஊராக இழுக்கும் என்றால் காண்டோதான் சரி. அக்கரையில் வாங்கிய நண்பர் பெங்களூர் போய் இரண்டு வருடம் ஆகிறது, வாடகை ஒழுங்காக வருகிறது.

வக்கீலின் பென்சில் தாள் பொய்க்கவில்லை. குடிவந்த எட்டாவது மாதம் மேற்குச் சுவரில் சாரம் ஏறியது. பதினான்கு மாதம் சன்னலுக்கு வெளியே கறுப்பு வலை. மாதம் 165 டாலர் சிறப்பு வசூல். முன்பே தெரிந்திருந்ததால் விலையில் 20,000 குறைத்து வாங்கியிருந்தோம். வலை அவிழ்ந்த அன்று மகள் பள்ளிக்குப் போகாமல் சன்னலில் உட்கார்ந்திருந்தாள்.