குக்குலு கேப்சூல்: எனக்குப் பலன் இல்லை

என் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 156. மருந்து தொடங்க மருத்துவரிடம் மூன்று மாதம் அவகாசம் கேட்டுவிட்டு, அதைக் குறைக்க குக்குலு என்ற மரத்தின் பிசின் சாறு அடைத்த கேப்சூலை வாங்கினேன். டப்பாவில் சாற்றின் எடை மட்டும் போட்டிருந்தது. அதில் முக்கியமான வேதிப்பொருளான குக்குல்ஸ்டிரோன் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு இது பெரிய குறை. ஆறாவது வாரம் முன்கையெல்லாம் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு. அன்றே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனை செய்தேன்: எல்டிஎல் 161. இரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடும் இறங்கவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 103 பேர் கலந்துகொண்டார்கள்; எட்டு வாரத்தில் குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் குறையவில்லை, சற்று ஏறியது. சிலருக்குத் தடிப்பும் வந்திருக்கிறது. வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். இப்போது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து எடுக்கிறேன். ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குக்குலுவைத் தொட வேண்டாம்.