பாலடினுக்கு ஏற்ற புரவலர்: ஹெக்ஸ்பிளேடா, ஃபீண்டா?

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறுதோறும் நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பகடை உருட்டிக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டில், பாலடினாக (புனித வீரனாக) வளர்ந்த ஒரு பாத்திரத்துக்கு வார்லாக் (மாயப் புரவலர் ஒருவருடன் ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறுபவர்) வகுப்பில் ஒரே ஒரு நிலையைச் சேர்க்க முடிவானபோது, ஹெக்ஸ்பிளேடு (மாய ஆயுதங்களின் சக்தி), ஃபீண்டு (நரகப் பேய்) ஆகிய புரவலர்களில் எதைத் தேர்வது என்ற கேள்வி எழுந்தது. (மேசையில் பாதிப்பேர் மலையாளம் பேசுபவர்கள் என்பதால், விதிச்சொற்களை ஒலிபெயர்த்தே வழங்குகிறோம்.) 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, இவ்விணைப்புக்கு வலிமையும் கரிஸ்மாவும் (ஆளுமைக் கவர்ச்சி) குறைந்தது 13 இருக்க வேண்டும்.

ஹெக்ஸ்பிளேடின் பெரும்பயன், வாள்வீச்சுக்கும் சேதத்துக்கும் வலிமைக்குப் பதிலாகக் கரிஸ்மாவையே கணக்கில் கொள்ளலாம் என்பதாகும். பாலடினின் மந்திரங்களும், ஆறாம் நிலையில் தோழர்களைக் காக்கும் ஆற்றலும் அதே கரிஸ்மாவைச் சார்ந்தவை என்பதால், ஒரே பண்பை உயர்த்தினாலே எல்லாம் உயரும். ஹெக்ஸ்பிளேடு தரும் சாபத்தை இட்ட எதிரியின்மேல், இருபது முகப் பகடையில் 20 மட்டுமன்றி 19 விழுந்தாலும் அது கிரிட்டிக்கல் அடியாகும் (சேதப் பகடைகள் இரட்டிக்கும்). அவ்வேளையில் ஸ்மைட் என்னும் பாலடினின் கூடுதல் சேதத்தின் பகடைகளும் இரட்டிப்பதைக் கண்டு மேசையே எழுந்து நின்றது. ஆயினும், வார்லாக்கின் முதல் நிலையில் இருகை வாளுக்குக் கரிஸ்மாச் சலுகை பொருந்தாது.

ஃபீண்டோ, எதிரியை வீழ்த்தும்போதெல்லாம் தற்காலிக உயிர்ப்புள்ளிகளைத் தருகிறது. கரிஸ்மா 16 உடையவருக்கு வார்லாக்கின் ஒரு நிலையில் அது 4 புள்ளிகள். கோப்ளின் (சிறு பூதங்கள்) கூட்டத்தின் நடுவே அது நன்று. தனியொரு டிராகனின் முன் உதவாது.

கேடயம் ஏந்துபவருக்கு நான் ஹெக்ஸ்பிளேடையே பரிந்துரைப்பேன். இருகை வாளைக் கைவிட மனமில்லாதவர் மட்டும் ஃபீண்டை நாடலாம்.