லாஸ்பேட்டையா, மீனம்பாக்கமா?

பெங்களூரு போகணும்னா எங்க பாண்டிக்காரங்களுக்கு ரெண்டு வழி. பாண்டியிலயே இருக்குற லாஸ்பேட்டை ஏர்போர்ட்னா வீட்ல இட்லி சாப்ட்டுட்டு ஆட்டோல கிளம்பிடலாம், க்யூவும் பொடிசு, ஆனா ரன்வே சுமார் 1,500 மீட்டர்தான் அதனால ஏர்பஸ்லாம் வராது, ரெக்கையில ப்ரொப்பெல்லர் சுத்துற சின்ன ஏடிஆர் விமானம்தான், 78 சீட்டு. ஆனா இதை நம்பி இருக்குறதுதான் கஷ்டம்: 2013ல புது டெர்மினல் திறந்தாங்க, பெங்களூரு ஃப்ளைட் வந்துச்சு, அடுத்த வருஷமே நின்னுபோச்சு, அப்புறம் 2017ல சின்ன ஊருக்கும் விமானம் விடுற மத்திய அரசோட உடான் திட்டத்துல ஹைதராபாத் ஃப்ளைட், 2024 மார்ச்ல மறுபடி நின்னு டிசம்பர் 20ல இண்டிகோ கம்பெனி பெங்களூரு ஃப்ளைட்ட ஆரம்பிச்சாங்க (பூட்டுறதும் தொறக்குறதுமா!). சென்னை மீனம்பாக்கம் ஏர்போர்ட்னா எந்நேரமும் ஃப்ளைட் இருக்கு, ஆனா ஈசிஆர்ல மூணு மணி நேரம், டாக்ஸிக்காரர் கேக்குற காசுல இன்னொரு டிக்கெட்டே போட்டுடலாம். நேரம் ஒத்துவந்தா என் ஓட்டு லாஸ்பேட்டைக்குத்தான்.